பட்டாணியின் புகைப் பரீட்சை

பம்பாய் வடாலாவில், வண்டிப் புகையை அளக்க ஒரு தகரக் கொட்டகை. அதற்குள் எங்கள் கார். காரின் பின்பக்கக் குழாய்க்குள் ஒரு கம்பி. கம்பியின் மறுமுனையில் ஒரு பெட்டி. பெட்டியின் முகத்தில் ஒரு முள். அந்த முள்ளைத்தான் அப்பா பார்த்துக்கொண்டிருந்தார். என் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த அன்றுகூட அவர் முகத்தில் அத்தனை கவலையை நான் பார்த்ததில்லை. கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.

"ஸ்டார்ட் கரோ" என்றார் ஜாதவ். பெட்டிக்குப் பொறுப்பாளர். பெரிய மீசை, சின்ன ஸ்டூல்.

அப்பா சாவியைத் திருப்பினார். முள் எழுந்தது. எழுந்ததோடு நிற்காமல் ஒரே ஓட்டமாக ஓடி மறுகோடியில் முட்டி, அங்கே நின்று நடுங்கியது. ஜாதவ் பெட்டியை ஒரு தட்டுத் தட்டினார். முள் இறங்கவில்லை.

"ஃபெயில்."

"இன்னொரு தரம் பாக்கச் சொல்லுடி ராஜி" என்றார் அப்பா என்னிடம். முப்பது வருஷம் பம்பாயில் குப்பை கொட்டியும் அப்பாவின் ஹிந்தி கறிகாய்க்காரனைத் தாண்டவில்லை. அதனால்தான் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு நான் மொழிபெயர்ப்பாளராகப் போயிருந்தேன்.

இன்னொரு தரமும் பார்த்தார்கள். இன்னொரு தரமும் அதே ஓட்டம்.

ஜாதவ் மூக்கை உறிஞ்சினார். "உங்க வீட்டுப் பக்கத்தில் கோயில் ஏதாவது இருக்கா?" என்று ஹிந்தியில் கேட்டார். நான் அதை அப்பாவிடம் சொன்னேன். தோற்றதற்குப் பரிகாரம் சொல்கிறார் என்று அப்பா நினைத்துவிட்டார். எந்தக் கோயிலுக்குப் போக வேண்டும் என்று கேட்கச் சொன்னார்.

மொத்தம் மூன்று வாய்ப்பு. மூன்றிலும் தோற்றால் வண்டி தெருவில் இறங்கவே கூடாது. அதுவரைக்கும் வீட்டுக்கும் மெக்கானிக்கிடமும் போகலாம், இந்தக் கொட்டகைக்கு வரலாம். வேறெங்கும் போகக்கூடாது. ஜாதவ் இதைச் சொன்னபோது அப்பாவின் முகத்தில் ஈ ஆடவில்லை.

ஒரு ஓட்டைக் காருக்கு இத்தனை அலட்டலா என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். அதைச் சொல்ல வேண்டுமானால் நான் ரசத்துக்குப் போக வேண்டும்.

கேன்டீன் ரசம்

அதற்குப் பல வருஷம் முன்னால், நான் ஸ்கூலில் படித்துக்கொண்டிருந்தபோது, ஊரிலிருந்து பெரியப்பா வந்திருந்தார். மட்டுங்காவில் எங்களுக்கு ஒரு ஹாலும் ஒரு ரூமும். ஹாலில் இலை போட்டு உட்கார்ந்தால் சமையலறையில் இருப்பவள் காதில் எல்லாம் விழும். அப்பா ரசத்தை ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, "எங்க ஆபீஸ் கேன்டீன்லகூட இதைவிட நன்னா வைப்பான்" என்றார்.

பெரியப்பா சிரித்தார். அந்தச் சிரிப்பு கொடுத்த உற்சாகத்தில் அப்பா அதையே இன்னொரு தரமும் சொன்னார். முதல் தரத்தோடு வாயை மூடிக்கொண்டிருந்தால் அம்மா விட்டிருப்பாள். இன்றைக்கும் அதுதான் என் அபிப்பிராயம்.

பெரியப்பாவை ரயிலேற்றிவிட்டு அப்பா திரும்பி வந்தார். அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள்.

"இனிமே இந்த வாசப்படிக்குள்ள உங்களோட ஒரு வார்த்தை பேசினேன்னா என் பேரை மாத்திக் கூப்பிடுங்கோ."

சொன்னாள், செய்தாள். இரண்டு நாள் கோபம் என்று நினைத்தோம். வருஷக்கணக்காயிற்று. சமையல், சாப்பாடு, இஸ்திரி எதிலும் குறைவில்லை. பேச்சு மட்டும் கிடையாது. அம்மா பிரிட்ஜைப் பார்த்துப் பேசுவாள்: "இன்னிக்கு மழை வரும்போல இருக்கு, குடை எடுத்துண்டு போனா நன்னாருக்கும்." அப்பா காலண்டரிடம் பதில் சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொள்வார். பிரிட்ஜும் காலண்டரும் அவ்வளவு அந்நியோன்னியமாகப் பேசிக்கொண்ட வீடு பம்பாயில் வேறு இருந்திருக்காது.

இது இப்படியே போயிருக்கும். பட்டாணி இருந்ததால் போகவில்லை.

சயானில் ஒரு திருப்பம்

பட்டாணி எங்கள் காருக்கு நான் வைத்த பேர். அவித்த பட்டாணியின் பச்சை நிறம். அப்பாவின் ஆபீசில் ரிட்டையரான ஒரு பார்சிக்காரர் கொடுத்துவிட்டுப் போனது. அப்போதே அதற்கு வயதாகிவிட்டது. பின் கதவு ஒன்றை உள்ளேயிருந்து திறக்க முடியாது, இன்னொன்றை வெளியிலிருந்து திறக்க முடியாது. நடுவில் உட்காருகிறவருக்கு எந்தக் கதவும் கிடையாது. அந்த இடம் எனக்கு.

சபதம் போட்டபின் வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை செம்பூரில் சித்தி வீட்டுக்குக் கிளம்பினோம். வண்டிக்குள்ளும் மயான அமைதி. சயானில் வலதுபக்கம் திரும்ப வேண்டும். அப்பா ஏதோ யோசனையில் நேரே விட்டுவிட்டார்.

"எங்கே போறேள்? வலது பக்கம் திரும்பணும்" என்றாள் அம்மா.

அப்பா நட்டநடுத் தெருவில் பிரேக் போட்டார். பின்னால் வந்த பஸ் ஹார்ன் அடித்தது.

"நீ பேசிட்டே."

"வாசப்படிக்குள்ள பேச மாட்டேன்னுதானே சொன்னேன்? கார் என்ன ஆத்துக்குள்ளயா ஓடறது?"

அப்பா ஆபீசில் விதிமுறைப் புத்தகத்தைக் கரைத்துக் குடித்தவர். ஒரு விதியில் சந்து இருந்தால் அவர் கண்ணுக்குத் தப்பாது. மறுநாள் சாயங்காலமே, "ராஜி, ஒரு ரவுண்டு போயிட்டு வரலாமான்னு கேளு" என்றார்.

அன்றிலிருந்து தினம் ஒரு ரவுண்டு. ஆபீஸ் விட்டு அப்பா வந்ததும் அம்மா விளக்கேற்றுவாள், சாமிக்கும் வண்டிக்கும் சாம்பிராணி காட்டுவாள், தலையில் பூ வைத்துக்கொள்வாள். ஃபைவ் கார்டன்ஸைச் சுற்றிக்கொண்டு வடாலா வரை போய்த் திரும்புவார்கள். என் காலேஜ், கேஸ் சிலிண்டர், அத்தை பெண் கல்யாணத்துக்குப் போவதா வேண்டாமா, எல்லாம் அந்த வண்டிக்குள் முடிவானதுதான். பாதிப் பேச்சில் வீடு வந்துவிட்டால் அம்மா வாசற்படியில் பாதி வாக்கியத்தோடு வாயை மூடிக்கொள்வாள். மறுநாள் காரில் ஏறிக் கதவைச் சாத்தியதும் விட்ட சொல்லிலிருந்து ஆரம்பிப்பாள். அப்பா ஒருநாள்கூட "எதைச் சொல்றே?" என்று கேட்டதில்லை.

இப்போது புரிந்திருக்கும். முள் ஓடியபோது அப்பாவுக்குப் போனது கார் மட்டும் இல்லை.

டாக்ஸியில் ஒரு தீர்ப்பு

வண்டி மெக்கானிக்கிடம் கிடந்த அந்த வாரங்களை நினைத்தால் எனக்கு இப்போதும் எரிச்சல் வரும். பிரிட்ஜும் காலண்டரும் சமாளிக்க முடியாத பேச்செல்லாம் என் தலையில் விழுந்தது. "அம்மாகிட்ட சொல்லு." "அப்பாகிட்ட கேளு." ஆபீசில் நாளெல்லாம் டைப் அடித்துவிட்டு வந்தால் வீட்டில் தபால்காரி உத்தியோகம். ஒருநாள் பொறுக்க முடியாமல், "நடந்து போய்ப் பேசிக்கோங்களேன்" என்று கத்தினேன்.

நடந்தார்கள். அப்பா எப்போதும் பத்தடி முன்னால் நடப்பவர். பழக்கம் விடவில்லை. தெருமுனை மாதவன் கடை வரைக்கும் போய், பத்தடி இடைவெளியில் திரும்பி வந்தார்கள்.

பஸ்ஸில் அம்மா லேடீஸ் சீட்டுக்குப் போய்விட்டாள்.

டாக்ஸியில் ஏற்றிவிட்டேன். அது கொஞ்ச தூரம் நன்றாகத்தான் போயிற்றாம். சித்தி பெண்ணுக்கு என்ன வாங்கிக்கொடுப்பது என்று பேச ஆரம்பித்து, அம்மா பட்டுப்பாவாடை என்க, அப்பா எவர்சில்வர் குடம் என்க, அதுவரை சும்மா ஓட்டிக்கொண்டிருந்த டாக்ஸிக்காரர் திரும்பிப் பார்த்து, "அம்மா சொல்றதுதான் சார் சரி, குடத்த வச்சுக் கொழந்த என்ன பண்ணும்?" என்றாராம். நல்ல செங்கல்பட்டுத் தமிழ். அப்பா கிங்ஸ் சர்க்கிளிலேயே இறங்கிவிட்டார். அம்மா தனியாக வந்து சேர்ந்தாள்.

பிரிட்ஜிடம்கூட அன்று அவள் ஒன்றும் சொல்லவில்லை. அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஓட்டை வண்டியாவது, புகை வண்டியாவது, எப்படியாவது இது பாஸாகித் தொலையட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

சாகுல் பாயின் கைக்குட்டை

தாராவியில் தோல் பதனிடும் சந்துக்குப் பக்கத்தில் சாகுல் பாயின் பட்டறை. ஏர்வாடிப் பக்கத்துக்காரர். வண்டியைப் பார்க்காமலேயே, தெருமுனையில் வரும் சத்தத்தை வைத்து வியாதியைச் சொல்லிவிடுவார். பெரும்பாலும் தப்பாகச் சொல்வார். ஆனால் அவர் சொல்கிற விதத்தில் தப்பு இருக்கும் என்று யாருக்கும் தோன்றாது. அவருக்கே தோன்றாது.

போலீஸ்காரர் பிடித்த அன்றே முதல் வைத்தியம் நடந்தது. பிடித்த கதையையும் சொல்லிவிடுகிறேன். சிக்னலில் பட்டாணி கிளம்பியபோது விட்ட கரும்புகையில் அந்த மனிதர் ஒரு நிமிஷம் காணாமல் போனார். புகை விலகியபோது வெள்ளைச் சட்டை வெள்ளையாக இல்லை. அவர் எங்களை வடாலாவுக்கு அனுப்பியதில் எனக்கு வருத்தமே கிடையாது.

சாகுல் பாய் பானெட்டைத் திறந்து, இஞ்சினுக்குக் காற்று போகிற டப்பாவைக் கழற்றினார். அதற்கு யானைத் தும்பிக்கை மாதிரி முன்னால் ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். உள்ளே காற்றை வடிகட்டும் காகித வளையம். பெயருக்குத்தான் காகிதம். அப்பளம் காய்ந்த மாதிரி சாம்பல் நிறத்தில் பொருக்குத் தட்டியிருந்தது.

"எய்யா, உள்ள சிமெண்டு மூடையல்லா வச்சிருக்கியள்" என்றார். "காத்து போக வழியில்லாம பெட்ரோலா குடிக்கி. குடிச்சது எரியல. அதான் கருப்பாக் கக்குது. உங்க தெருவுல எங்கனயும் கட்டடம் கட்டுதாவளா?"

"எதிர்த்தாப்ல ஒரு பில்டிங் எழும்பறது" என்றார் அப்பா.

"அதாம்."

புதிய வளையம் போட்டார். வண்டியை உறுமவிட்டு, பைக்குள்ளிருந்து வெள்ளைக் கைக்குட்டையை எடுத்துப் பின்குழாயின் வாயில் பிடித்தார். கைக்குட்டை வெள்ளையாகவே இருந்தது. அதுதான் அவருடைய மீட்டர். "கொண்டு போங்க சார்வாள், மல்லியப்பூ மாதிரி மூச்சு விடுதா."

மறுநாள் காலை நல்ல நேரம் பார்த்து வீட்டிலிருந்து கிளம்பி வடாலா போய்த் தோற்றதுதான் நான் முதலில் சொன்ன காட்சி.

சாகுல் பாய் நம்பவில்லை. திறந்து பார்த்தார். நேற்றுப் போட்ட வளையம் மறுபடி சாம்பல் பூசிக்கிடந்தது.

"ஒரு ராத்திரில இம்புட்டு தூசியா?" என்று அப்பாவைப் பார்த்தார். "சார்வாள், கோவிச்சுக்கிடாதிய. வீட்ல வச்சு வண்டிய ஏதும் செஞ்சியளா?"

"ஒண்ணும் பண்ணலை பாய். யாரும் தொடக்கூட இல்லை. ராஜி, ஏதாவது பண்ணினோமா?"

"ஒண்ணும் பண்ணலை" என்றேன் நான். சத்தியமாக எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

இரண்டாவது வைத்தியம் பெரிது. கார்புரேட்டரைக் கழற்றி, பெட்ரோலில் ஊறப்போட்டு, பல் தேய்க்கிற பிரஷ்ஷால் தேய்த்தார். பிளக்குகளை மாற்றினார். வளையத்தையும் மாற்றினார். கைக்குட்டை வெள்ளை. மறுநாள் வடாலா. முள் ஓடி மறுகோடியில் நின்றுகொண்டது. ஜாதவ் இந்தத் தடவை பெட்டியைத் தட்டவில்லை. எங்களைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அதுவும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

மட்டுங்காவின் காற்று

அதன்பிறகு எல்லோரும் ஆளுக்கொரு காரணம் கண்டுபிடித்தார்கள். ஜாதவின் பெட்டிக்குத் தமிழர்களைக் கண்டால் ஆகாது என்றார் அப்பா. இதைத் தீவிரமாகச் சொன்னார். எங்களுக்கு முன்னால் ஒரு சீக்கியர் பாஸானதையும் பின்னால் ஒரு குஜராத்தி பாஸானதையும் ஆதாரமாகக் காட்டினார். அம்மா திருஷ்டி என்றாள். தினம் சாயங்காலம் ஜோடியாகக் காரில் போவதைப் பில்டிங் முழுக்கப் பார்த்து வயிறெரிகிறதாம். சொன்னது பிரிட்ஜிடம். ஆனால் குரல் எல்லா மாடிக்கும் கேட்கும்படி இருந்தது.

சாகுல் பாய் பீடியை அணைத்துவிட்டுத் தன் முடிவைச் சொன்னார்.

"தாராவில இந்தக் கழுதைக்கி ஒண்ணுமில்ல. வடாலாவுலயும் ஒண்ணுமில்ல. நடுவுல ஒரு ராத்திரி மட்டுங்கால கெடக்கு. அங்கனதான் கேடு. உங்க ஊரு காத்து வெசம் சார்வாள். இந்தத் தடவ வண்டி வீட்டுக்கு வரப்பிடாது. எங்கிட்டயே தூங்கட்டும். காலைல நான் கூடவே இருந்து, நேரா வடாலாவுல கொண்டு நிறுத்துதேன். எவன் கேடு செய்தான்னு பாத்துருவோம்."

தாராவியில் உட்கார்ந்துகொண்டு மட்டுங்காவின் காற்றை விஷம் என்று சொன்ன ஒரே மனிதர் அவர்தான். அப்பா அதற்கும் தலையாட்டினார். வேறு வழி? மூன்றாவது வாய்ப்பு. குர்லாவிலிருந்து பழைய இரும்புக்காரன் ஒருவன் வேறு எப்படியோ மோப்பம் பிடித்து, வீட்டு வாசலில் வந்து, "வண்டி எப்போ கொடுப்பீங்க?" என்று கேட்டுவிட்டுப் போயிருந்தான்.

பஸ்ஸில் தூபக்கால்

வண்டி வீட்டுக்கு வராமலேயே பரீட்சைக்குப் போகிறது என்று கேள்விப்பட்டதும் அம்மாவுக்குத் தாங்கவில்லை.

"பூஜை இல்லாமயா? அதான் ரெண்டு தரம் தோத்தாச்சே, இன்னிக்கு வெறுமே அனுப்பச் சொல்றாரா அந்த பாய்? கிளம்புடி."

ஒரு துணிப்பையில் தூபக்கால், சாம்பிராணிப் பொட்டலம், பழனி விபூதிப் பாக்கெட் ஒன்று முழுசாக. பஸ்ஸில் கூட்டம். தூபக்காலின் கைப்பிடி பக்கத்தில் நின்ற ஒருவர் விலாவில் குத்திக்கொண்டேயிருந்தது. கண்டக்டர் பைக்குள் எட்டிப் பார்த்து, "என்ன இது?" என்று கேட்டார். "காடி கா பரீக்ஷா ஹை", வண்டிக்குப் பரீட்சை, என்றாள் அம்மா. அவர் அதற்குமேல் கேட்கவில்லை.

கொட்டகைக்கு எதிரே ஒரு இஸ்திரி வண்டி. அம்மா நேரே அந்த இஸ்திரிக்காரரிடம் போய், "தோடா ஆக் தேதோ" என்று நெருப்புக்குத் தூபக்காலை நீட்டினாள். அவர் இஸ்திரிப் பெட்டியைத் திறந்து, இடுக்கியால் கங்கு எடுத்துப் போட்டுக் கும்பிடும் போட்டார்.

வரிசையில் பட்டாணிதான் முதல். அப்பாவும் சாகுல் பாயும் பக்கத்தில் நின்றிருந்தார்கள். மூன்று வாரத்துக்குப் பிறகு அப்பாவும் அம்மாவும் வாசற்படிக்கு வெளியே சந்தித்துக்கொண்டார்கள். இருவருக்கும் கூச்சம் வந்துவிட்டது.

"பானெட்டைத் தொறக்கச் சொல்லுடி" என்றாள் அம்மா என்னிடம்.

அப்பா சிட்டாகப் பறந்து போய்த் திறந்தார். இஞ்சினையும் ஸ்டார்ட் செய்தார். பழக்கம்தான். தினம் எங்கள் வீட்டில் நடப்பதுதான். அம்மா கங்கின்மேல் சாம்பிராணியைத் தூவி, குபுகுபுவென்று எழுந்த புகையை இஞ்சின்முன் மூன்று சுற்றுச் சுற்றி, அந்தத் தும்பிக்கையின் வாயருகே பிடித்தாள். இஞ்சின் காற்றை இழுக்கிற இழுப்பில் புகை முழுக்க சர்ரென்று உள்ளே போயிற்று.

"பாத்தேளா, எப்படி ஏத்துக்கறது" என்றாள் அம்மா, ஜாதவைப் பார்த்து, தமிழில். வருஷக்கணக்காக அவளுக்கு அதில்தான் பூரிப்பு. வீட்டுப் படத்திலிருக்கும் சாமிகூட அப்படிக் கண்ணெதிரே ஏற்றுக்கொள்வதில்லை.

பிறகு விபூதி. தினமும் ஒரு சிட்டிகை. பரீட்சை நாள் என்பதால் ஒரு கை அள்ளித் தும்பிக்கைக்குள் போட்டாள். அதுவும் உள்ளே போயிற்று.

சாகுல் பாய் கிடந்த ஒரு டயர்மேல் மெதுவாக உட்கார்ந்தார்.

"சார்வாள்" என்றார். "இது... தெனமும் நடக்கா?"

"தினமும்தான். பரீட்சைன்னா கொஞ்சம் விசேஷமா."

"வீட்ல வச்சு வண்டிய ஏதும் செஞ்சியளான்னு கேட்டேம்லா?"

"பூஜை பண்ணினா அது எப்படி பாய் வண்டியைப் பண்ணினதாகும்?" என்றார் அப்பா. கிண்டல் இல்லை. உண்மையாகவே கேட்டார்.

ஜாதவ் எழுந்து வந்தார். மூக்கை உறிஞ்சினார். தூபக்காலைப் பார்த்தார், தும்பிக்கையைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். இத்தனை நாளாகத் தேடின கோயில் கிடைத்துவிட்டது.

யார் சொல்வது?

விஷயம் எங்கள் நாலு பேருக்கும் புரிந்துவிட்டது. புரியாதவள் அம்மா மட்டும்தான். அவள் கங்கை ஊதிக்கொண்டிருந்தாள்.

"நீங்க சொல்லுங்கோ பாய்" என்றார் அப்பா.

"அல்லாவே. சாமி காரியம், நான் வாயத் தொறந்தா நல்லாவா இருக்கும்? உங்க வீட்டம்மா, நீங்க சொல்லுங்க."

"நான் சொல்லி, அவ காருக்குள்ளயும் பேச மாட்டேன்னு சபதம் போட்டுட்டா? ஏற்கெனவே ஒண்ணு ஓடிண்டிருக்கு."

சொல்லாவிட்டால் முள் ஓடும், வண்டி குர்லாவுக்குப் போகும். சொன்னால் வண்டி இருக்கும், பேச்சு போகும். பின்னால் வரிசையில் ஒருவர் விடாமல் ஹார்ன் அடித்தார். ஜாதவ் கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.

அப்பா வண்டியின் முன்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். "ராஜி, அம்மாவைக் கொஞ்சம் ஏறச் சொல்லு."

அம்மா தூபக்காலை சாகுல் பாயின் கையில் கொடுத்துவிட்டு ஏறினாள். அவர் அதை என்ன செய்வது என்று தெரியாமல் பயபக்தியோடு பிடித்துக்கொண்டு நின்றார். நான் வழக்கம்போலப் பின்னால், நடுவில். கதவு சாத்தியதும் அம்மா திரும்பினாள்.

"குடம் வேண்டாம். பட்டுப்பாவாடைதான்" என்றாள். மூன்று வாரத்துக்கு முன்னால் டாக்ஸியில் விட்ட இடம்.

"பாவாடையே இருக்கட்டும்" என்றார் அப்பா. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். வண்டி நின்றுகொண்டுதான் இருந்தது. "கமலம், இந்த விபூதி... சாம்பிராணி... அதெல்லாம் உள்ள போய் அடைச்சுக்கறது. வண்டிக்கு மூச்சு முட்டறது. அதான் தோக்கறது."

அம்மா முன்னால் திறந்திருந்த பானெட்டையே பார்த்தாள்.

"நான் எது பண்ணினாலும் உங்களுக்கு ஆகாது, இல்லையா? ரசம் வச்சாலும் ஆகாது. பூஜை பண்ணினாலும் ஆகாது."

அவள் கை கதவுப்பிடிக்குப் போயிற்று.

"ரசம் நன்னாத்தான் இருந்தது" என்றார் அப்பா.

கை நின்றது.

"அன்னிக்கே நன்னாத்தான் இருந்தது. அண்ணா முன்னாடி பெரிய மனுஷனாட்டம் ஏதோ வாயில வந்ததைச் சொல்லிட்டேன். அவர் சிரிச்சாரேன்னு இன்னொரு தரமும் சொன்னேன். அப்படிச் சொல்லியிருக்கப்படாது."

வெளியே ஹார்ன் சத்தம் காதைப் பிளந்தது. வண்டிக்குள் யாருக்கும் அது கேட்கவில்லை. அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

"அதைச் சொல்ல இத்தனை வருஷமா?"

"சொல்லலாம்னு வருவேன். அதுக்குள்ள வாசப்படி வந்துடும்."

அம்மா கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினாள். "பாய், அந்த டப்பாவைக் கழட்டித் தட்டுங்கோ. சீக்கிரம். எல்லாரும் காத்துண்டிருக்கா."

சாகுல் பாய் தூபக்காலை ஜாதவின் கையில் திணித்துவிட்டு டப்பாவைக் கழற்றினார். வளையத்தைத் தரையில் ஒரு போடு போட்டார். கொட்டகை முழுக்க வெள்ளை மேகம். அது அடங்கியபோது ஜாதவ் பழனி அடிவாரத்தில் நிற்கிற மாதிரி நெற்றி, மீசை, தோள் எல்லாம் விபூதியாகத் தூபக்காலோடு நின்றார். சாகுல் பாயும் அப்படியே. அடக்க முடியாத சிரிப்பு வந்தது எனக்கு. வரிசையில் நின்ற சீக்கியர் ஒருவர் கையெடுத்துக் கும்பிட்டார். யாரை என்று தெரியவில்லை.

அம்மா அப்பாவோடு உள்ளேயே உட்கார்ந்திருந்தாள். இஞ்சின் ஓடியது. கம்பி போயிற்று. முள் எழுந்தது, தயங்கியது, பாதி வழியில் நின்றுவிட்டது.

"பாஸ்" என்றார் ஜாதவ். சொன்னபோது வாயிலிருந்தும் கொஞ்சம் விபூதி பறந்தது.

அப்புறம்

சாகுல் பாய் கடைசிவரை தோல்வியை ஒத்துக்கொள்ளவில்லை. "மட்டுங்காலதான் கேடுன்னு நான் சொன்னேனா இல்லியா?" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்.

அம்மாவும் சாம்பிராணியை விடவில்லை. பானெட்டை மூடிவைத்து, வெளியிலிருந்து காட்டினாள். "வாசனைதானே, போகட்டும்" என்பாள்.

எனக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. ரசத்துக்கு மன்னிப்புக் கேட்டாயிற்று. இனி வீட்டுக்குள்ளேயே பேசிக்கொள்வார்கள், என் தபால் உத்தியோகம் போய்விடும் என்று நம்பினேன். ஒரு வாரம் பார்த்தேன். அம்மா பிரிட்ஜிடம்தான் பேசினாள். அப்பா காலண்டரிடம்தான் சொன்னார்.

ஒரு சாயங்காலம் எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. நேரே சமையலறைக்குப் போனேன். அம்மா ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள்.

"அதான் அப்பா வாய்விட்டு ஒத்துண்டாச்சே. இன்னும் என்ன சபதம்? ஆத்துக்குள்ளயே பேசினா என்ன?"

"பேசலாம்டி" என்றாள் அம்மா. ரசத்தில் கொத்தமல்லியைக் கிள்ளிப் போட்டாள். "அந்த சபதத்துக்கு முன்னாடி, கல்யாணமாகிப் பத்துப் பன்னண்டு வருஷம் இதே சமையலறைதான். உங்கப்பா ஒருநாள் சாயங்காலம் என்னை வெளியில கூட்டிண்டு போனது கிடையாது. ஆத்துக்குள்ளயே பேச ஆரம்பிச்சுட்டேன்னா, அப்புறம் எதுக்குடி அவர் என்னைக் கூட்டிண்டு போகணும்?"

கீழே பட்டாணியின் ஹார்ன் இரண்டு தரம் அடித்தது. அம்மா அடுப்பை அணைத்துவிட்டு, பூவைச் சரிசெய்துகொண்டு இறங்கிப் போனாள்.